பற்சிகிச்சை நிலையங்களில் தரமும் பாதுகாப்பும்: நோயாளி அறிய வேண்டியவை

பற்சிகிச்சைக் கதிரையில் அமரும் ஒருவர், தம் வாயினுள் வைக்கப்படும் கருவி தூய்மையானதா என்பதைத் தாமே சோதித்தறிய இயலாது. ஆகவே அச்சோதனையைச் சட்டம் பிறரிடம் ஒப்படைத்துள்ளது. எனினும், நோயாளி கேட்டறியக்கூடியவையும் கேட்டறிய வேண்டியவையும் பல உள்ளன. அப்டன் பார்க் கிரீன் வீதியிலும் அதைச் சூழ்ந்த தெருக்களிலும் உள்ள பற்சிகிச்சை நிலையங்களைப் பயன்படுத்தும் தமிழ்க் குடியிருப்பாளர்களுக்காக அவை இங்கே விளக்கப்படுகின்றன. என்.எச்.எஸ். சிகிச்சைக்கும் தனியார் சிகிச்சைக்கும் பாதுகாப்பு விதிகள் ஒன்றே.

கண்காணிப்போர் யாவர்?

பற்சிகிச்சை நிலையங்களைக் கண்காணிப்பது நகரசபையின் பணியன்று. 2011 ஏப்ரல் மாதம் முதல், இங்கிலாந்தில் உள்ள பற்சிகிச்சை நிலையங்கள் கேர் குவாலிட்டி கமிஷன் எனப்படும் பராமரிப்புத் தர ஆணையத்தில் பதிவு பெறுதல் கட்டாயமாகும். நிலையம் பாதுகாப்பானதா, சிகிச்சை பயனளிப்பதா, நோயாளிகள் பரிவுடன் நடத்தப்படுகின்றனரா, அவர்களது தேவைகளுக்கு ஏற்பச் சேவை அமைந்துள்ளதா, நிர்வாகம் செம்மையானதா என்னும் ஐந்து வினாக்களை ஆணையத்தின் ஆய்வாளர்கள் எழுப்புகின்றனர். அவர்களது அறிக்கையை ஆணையத்தின் இணையத்தளத்தில் எவரும் வாசிக்கலாம்.

குடும்ப மருத்துவர் நிலையங்களுக்கு வழங்கப்படுவதுபோன்ற ஒட்டுமொத்தத் தரநிலை பற்சிகிச்சை நிலையங்களுக்கு வழங்கப்படுவதில்லை. விதிகள் நிறைவேற்றப்பட்டுள்ளனவா, இல்லையா என்பதையே அறிக்கை கூறும்.

நிலையத்தை ஆணையம் கண்காணிப்பதுபோல, அங்கு பணிபுரியும் பல் மருத்துவர்கள், பல் தாதியர் முதலியோரை ஜெனரல் டென்டல் கவுன்சில் எனப்படும் பொதுப் பல் மருத்துவப் பேரவை கண்காணிக்கின்றது. அவர்களது பெயரும் பதிவெண்ணும் நோயாளிகள் காணக்கூடிய இடத்தில் வைக்கப்பட வேண்டும். ஒருவரது பதிவைப் பேரவையின் இணையத்தளத்தில் கட்டணமின்றிச் சரிபார்க்கலாம்.

கருவிகளின் தூய்மை

பயன்படுத்தப்பட்ட கருவி முதலில் கழுவப்பட்டு, உருப்பெருக்கி விளக்கின்கீழ்ப் பரிசோதிக்கப்பட்டு, பின்னர் நீராவிக் கிருமியழிப்புக் கருவியில் 134 முதல் 137 பாகை செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 3 நிமிடங்கள் வைக்கப்பட வேண்டும். உறையிலிட்டுப் பாதுகாக்கப்படும் கருவியை ஓராண்டிற்குள் பயன்படுத்த வேண்டும். அதற்குரிய திகதி உறையில் குறிக்கப்பட்டிருக்கும். கையுறைகள் ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்றப்பட வேண்டும். ஒருமுறைப் பயன்பாட்டுக்கெனத் தயாரிக்கப்பட்ட பொருள் மற்றொருவருக்குப் பயன்படுத்தப்படலாகாது.

இவ்விதிகள் வெறும் சம்பிரதாயங்கள் அல்ல. தமிழ்நாட்டின் வாணியம்பாடியில் 2023 ஆம் ஆண்டு பல் மருத்துவ நிலையம் ஒன்றுடன் தொடர்புடைய நோய்த்தொற்றில் எட்டுப் பேர் உயிரிழந்தனர். தூய்மையற்ற கருவியால் திறக்கப்பட்டு, சரிவர மூடப்படாமல் மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்பட்ட உப்புநீர்ப் போத்தலே தொற்று பரவிய வழியென ஆய்வாளர்கள் பின்னர் கண்டறிந்தனர். இங்கிலாந்தும் இதற்கு விதிவிலக்கன்று. நொட்டிங்ஹாம் அருகே டேபுரூக்கில் ஒரு பல் மருத்துவர் நோயாளிக்கு நோயாளி கையுறையை மாற்றாததும் கருவிகளை முறைப்படி தூய்மையாக்காததும் 2014 இல் இரகசிய ஒளிப்பதிவு மூலம் வெளிவந்தன. அதனால் ஏறத்தாழ 22,000 நோயாளிகள் இரத்தப் பரிசோதனைக்கு வருமாறு அழைக்கப்பட்டனர். அம்மருத்துவரின் பெயர் 2016 இல் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

ஆகவே, "கருவிகளை எவ்வாறு தூய்மையாக்குகிறீர்கள்?" என்று வினவுவது மரியாதைக் குறைவாகாது. செம்மையாக இயங்கும் நிலையம் அவ்வினாவுக்குத் தயக்கமின்றி விடையளிக்கும்.

புரிந்துகொண்டு அளிக்கும் ஒப்புதல்

நோயாளியின் ஒப்புதலின்றிச் சிகிச்சை அளிக்கலாகாது. தலையசைப்பதோ படிவத்தில் கையொப்பமிடுவதோ மட்டும் ஒப்புதலாகாது. சிகிச்சையிலுள்ள முக்கிய ஆபத்துகளும் மாற்றுவழிகளும் நோயாளிக்கு எடுத்துரைக்கப்பட வேண்டுமென ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம் 2015 ஆம் ஆண்டு மொன்ட்கொமரி வழக்கில் தீர்ப்பளித்தது. எடுத்துக்காட்டாக, பல்லைப் பிடுங்க வேண்டுமெனக் கூறப்பட்டால், வேர்ச் சிகிச்சையால் அதனைக் காக்க இயலுமா, அதன் செலவு யாது, சிகிச்சையே செய்யாவிடின் என்ன நேரும் என்பவற்றை அறிய நோயாளிக்கு உரிமை உண்டு. சிகிச்சையில் எப்பகுதி என்.எச்.எஸ்., எப்பகுதி தனியார் என்பதும் முன்கூட்டியே தெளிவாக்கப்பட வேண்டும்.

ஆங்கிலம் போதிய அளவு விளங்காதவருக்கு இவ்வுரிமை மொழிபெயர்ப்பின்றி நிறைவேறாது. என்.எச்.எஸ். சிகிச்சைக்கு வருவோர் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிப் பெறலாம். சந்திப்பு நேரத்தைப் பதிவுசெய்யும்போதே அதனைக் கேட்பது நன்று. பல குடும்பங்களில் பிள்ளைகளே பெற்றோருக்காகப் பேசுகின்றனர். மருந்தின் பெயரையோ ஒவ்வாமையையோ பிள்ளை தவறாக உரைப்பின், விளைவு பெற்றோரின் உடலையே தாக்கும். அப்பொறுப்பைப் பிள்ளையின்மீது சுமத்துதல் முறையன்று.

சிகிச்சைக்கு முன், உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் பல் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, நீரிழிவு, இருதய நோய், கர்ப்பம் ஆகியவற்றை மறவாது குறிப்பிட வேண்டும். திடீர் மயக்கம், மாரடைப்பு போன்றவற்றை எதிர்கொள்ள ஒட்சிசனும் அவசர மருந்துகளும் இதய அதிர்வூட்டுக் கருவியும் நிலையத்தில் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

பற்களை வெண்மையாக்குதல்

பற்களை வெண்மையாக்குதல் சட்டப்படி பல் மருத்துவப் பணியாகும். அழகு நிலையத்தில் பதிவு பெறாதவர் இதனைச் செய்தல் குற்றம். தவறான இரசாயனம் ஈற்றை எரித்துவிடக்கூடும். திருமணம் முதலிய நிகழ்வுகளுக்காக இச்சிகிச்சையை நாடுவோர், செய்பவரின் பதிவெண்ணை முதலில் கேட்டறிதல் வேண்டும்.

குறை நேர்ந்தால்

முறைப்பாட்டை முதலில் நிலையத்திடமே தெரிவிக்கலாம். என்.எச்.எஸ். சிகிச்சை தொடர்பான முறைப்பாட்டைப் பொதுவாக 12 மாதங்களுக்குள் அளிக்க வேண்டும்; அது கிடைத்ததை நிலையம் மூன்று வேலைநாட்களுக்குள் உறுதிப்படுத்த வேண்டும். நிலையத்திடம் கூற விரும்பாதோர், வடகிழக்கு இலண்டன் என்.எச்.எஸ். ஒருங்கிணைந்த பராமரிப்புச் சபையை அணுகலாம். பதில் திருப்தியளிக்காவிடின் நாடாளுமன்ற மற்றும் சுகாதாரச் சேவை ஒம்புட்ஸ்மனிடம் செல்லலாம். தனியார் சிகிச்சை குறித்த முறைப்பாடு நிலையத்திடம் தீராவிடின், பல் மருத்துவ முறைப்பாட்டுச் சேவையை 020 8253 0800 என்னும் எண்ணில் அழைக்கலாம். நிலையத்தின் பாதுகாப்புக் குறித்த ஐயங்களைப் பராமரிப்புத் தர ஆணையத்திடம் 03000 616161 என்னும் எண்ணில் தெரிவிக்கலாம். முறைப்பாடு செய்தமைக்காக ஒருவரது சிகிச்சையில் குறை வைக்கலாகாது.

கடும் பல்வலி இருந்து, பல் மருத்துவர் கிடைக்காவிடின் 111 ஐ அழைக்கலாம். அச்சேவையிலும் உரைபெயர்ப்பாளரைக் கோரலாம். வீக்கத்தால் மூச்சுவிடவோ விழுங்கவோ இயலாதிருந்தால் தாமதியாது 999 ஐ அழைக்க வேண்டும்.