ஏற்காடு காபி: நாலு வருஷம் காத்திருக்க யாரிடம் பணம் இருக்கிறது?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு போகிறவர்கள், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி படர்ந்திருப்பதையும் அடியில் காபிச்செடி நிற்பதையும் போட்டோ எடுக்காமல் திரும்புவதில்லை. அந்த ஒரு போட்டோவுக்குள் பல வருஷ முதலீடு நிற்கிறது.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர். அவருக்குப் பின் வந்த வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளுக்குக் காத்திருக்க வசதி இருந்தது. இன்று இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு?

தக்காளி நட்டவர் மூன்று மாதத்தில் காசைப் பார்த்துவிடுவார். அராபிகா காபி சொல்லிக்கொள்கிற மாதிரி காய்க்க மூன்று, நான்கு வருஷம் ஆகும். அதுவரை களையெடுப்பு, உரம், கூலி எல்லாம் கைக்காசு. ஒரு வருஷத்தில் திருப்பிக் கட்டவேண்டிய பயிர்க்கடன் இதற்குப் பொருந்தாது. காய்ப்பு வரும்வரை அசலைக் கேட்காத நீண்டகாலக் கடன்தான் சரி. ஆனால் அதற்கு அடமானம் வேண்டுமே!

காய்த்தபின்னும் செலவு ஓயாது. பறித்த பழத்தை அன்றைக்கே தோலுரிக்க வேண்டும். அதற்குப் பல்பர் இயந்திரம், ஊறவைக்கத் தொட்டி, கழுவத் தண்ணீர், உலர்த்தக் களம் எல்லாம் தேவை. சரிவான மலையில் சமதளமாக ஒரு களம் போடுவதே பெரிய வேலை. ஒரு கிலோ காபிக்கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் பிடிக்கும். இயந்திரம் இல்லாதவர் பழமாகவே விற்கிறார், அல்லது அப்படியே காயவைக்கிறார். தோலுரித்த காபிக்குள்ள கூடுதல் விலை அவருக்கு இல்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பல்பர் வாங்கினால் என்ன என்றுதான் எனக்குத் தோன்றும்.

அவசரத்துக்கு நிழல் மரத்தை வெட்டி விற்பவர்களும் உண்டு. வெயில் நேராக விழும் செடியைத்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் தேடி வரும். தாக்கிய செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. மரம் விற்ற காசைவிட, எரிந்துபோகும் வருஷங்கள் அதிகம்.

கொஞ்சம் ஆறுதல் மிளகு. நன்றாகக் காயவைத்து மூட்டை கட்டினால் வருஷக்கணக்கில் கெடாது, விலை ஏறும்போது விற்கலாம். ஆனால் சிறு விவசாயி வீட்டு மூட்டை பல நேரம், ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் முன்பே சந்தைக்குப் போய்விடுகிறது.