பெட்டிக்குள் எத்தனை டிரைவர்!

கொடைக்கானலில் இருந்து மன்னவனூர் போகும் பாதையில் இருக்கிறது, பூம்பாறை. குழந்தை வேலப்பர் கோவில் உள்ள ஊர். படிக்கட்டுப் போன்ற வயல்களில் பூண்டு விளைகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது.

மலையில் படித்த பிள்ளைகளுக்கும் சர்க்கார் லேப்டாப் கிடைத்தது. இலவச லேப்டாப் திட்டம் 2011-ல் தொடங்கியது. அதில் விண்டோசுடன் 'பாஸ்' என்ற ஒன்றும் இருந்தது. முதலாளி அல்ல! 'சிடாக்' என்ற மத்திய சர்க்கார் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய ஆபரேட்டிங் சிஸ்டம். லினக்ஸ் வகையைச் சேர்ந்தது.

யார் இந்த டிரைவர்?

டிரைவர் என்றால் பஸ் ஓட்டுபவர்தான் நினைவுக்கு வருவார். கம்ப்யூட்டருக்குள்ளும் டிரைவர் உண்டு. ஆள் அல்ல, சிறு புரோகிராம். ஸ்பீக்கரில் பாட்டு கேட்பது, வைபை கிடைப்பது எல்லாம் அதனால்தான். சாமானுக்குச் சாமான் டிரைவர் வேறு.

பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்சை வெளியிட்டபோது, அது சுமார் 10 ஆயிரம் வரிதான். 2020-ல் 2 கோடியே 70 லட்சம் வரியைத் தாண்டிவிட்டது! பாதிக்கு மேல் டிரைவர்களே.

ஏன் இவ்வளவு? எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் ஓட வேண்டுமே! பழைய பிளாப்பிக்கும் டிரைவர் உண்டு. பெரிய கம்பெனி சர்வர்களுக்கும் உண்டு. பூம்பாறை வீட்டு லேப்டாப்பில் அவற்றுக்கு என்ன வேலை?

கண்டுபிடிப்பது எப்படி?

'எல்.எஸ்.பி.சி.ஐ.' என்று கட்டளை கொடுத்தால், பெட்டிக்குள் உள்ள சாமான்களின் பட்டியல் வரும். 'எல்.எஸ்.மாட்' என்று கொடுத்தால், வேலைக்கு வந்திருக்கும் டிரைவர்களின் பெயர் வரும். இந்த இரண்டிலும் சேராதவை பெரும்பாலும் தேவை இல்லாதவை.

அவற்றை நீக்கினால் லேப்டாப் பறக்குமா? பறக்காது! வேலை இல்லாத டிரைவர் டிஸ்க்கில் தூங்குகிறது. தூங்குவதை எழுப்பாதவரை அதனால் வேகம் குறைவதில்லை. இடம்தான் மிச்சம்.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. லினக்சின் நடுப்பகுதியான கெர்னலைச் சொந்தமாகத் தயாரிப்பவர்கள் உண்டு. எல்லா டிரைவரையும் சேர்த்தால் பழைய லேப்டாப்பில் மணிக்கணக்கில் ஆகும். தேவையானதை மட்டும் சேர்த்தால் நேரம் வெகுவாகக் குறையும். இதற்காகவே 2009-ல் 'லோக்கல்மாட்கான்பிக்' என்ற வசதி வந்தது. அந்த நேரத்தில் வேலையில் இருக்கும் டிரைவர்களை வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் தள்ளிவிடும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த நேரத்தில் பென் டிரைவ் சொருகி இருக்காவிட்டால், அதன் டிரைவரும் போய்விடும்! மறுநாள் பாடத்தைக் காப்பி எடுக்க முடியாது. ஆகவே பென் டிரைவ், இன்டர்நெட் டாங்கிள் எல்லாவற்றையும் ஒரு தடவை சொருகிவிட்டுத்தான் கட்டளை கொடுக்க வேண்டும்.

டிஸ்க்கின் டிரைவர் போனால் இன்னும் மோசம். லேப்டாப் பாதியில் நின்றுவிடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொடைக்கானல் பஸ் ஏற வேண்டியதுதான்.

வேண்டாததைக் கழிப்பதில் டோர்வால்ட்சும் தயங்கவில்லை. அவர் முதன்முதலில் லினக்ஸ் எழுதியது '386' சிப் உள்ள கம்ப்யூட்டரில். அந்தச் சிப்புக்கான பகுதியை 2012-ல் அவரே நீக்க ஒப்புக்கொண்டார்!

பாடம், போட்டோ எல்லாவற்றையும் முன்பே வேறு இடத்தில் காப்பி எடுத்துவிட வேண்டும். பழைய கெர்னலை அழிக்கக் கூடாது. புதியது ஓடாவிட்டால், லேப்டாப்பை மறுபடி போட்டதும் வரும் பட்டியலில் பழையதைத் தேர்ந்து எடுக்கலாம். முன்போலவே ஓடும்.