ஓடத்தில் மந்திரம் இருந்ததா?

நடுவர் அவர்களே! காதலை வளர்ப்பது மனமா, சூழ்நிலையா என்று கேட்டிருக்கிறீர்கள். சூழ்நிலையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு ஊர் திருச்சுழிப் பக்கம், வீரசோழன். கண்மாயில தண்ணி கிடந்தா மாடு குளிக்கும். வத்திப்போனா பையன்க கிரிக்கெட் ஆடுவாங்க. ஓடத்தை நாங்க கதையிலதான் கேட்டோம். (சிரிப்பு)

மகாபாரதத்தில் ஓர் ஓடம் வருகிறது. யமுனையில் அதை ஓட்டியவள் சத்தியவதி, செம்படவர் வீட்டுப் பெண். உடம்பெல்லாம் மீன் வாடை. மச்சகந்தி என்றே பேர். ஏறியவர் பராசர முனிவர். அவ்வளவு தவமும் நடு ஆத்துல கரைஞ்சு போச்சு! 'அது மந்திர ஓடம்' என்பார்கள் எதிரணியினர். மந்திரமெல்லாம் அப்புறந்தானய்யா வருது! 'கரையில ஆளுக நிக்கிறாங்களே' என்று அவள் தயங்கினாள். முனிவர் பனிமூட்டத்தை வரவழைத்தார். அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்றாள். கன்னித்தன்மை கெடாது என்று வரம் கொடுத்தார். மீன் வாடை போய் ஒரு யோசனை தூரம் நறுமணம் வீசியது. பிறந்த பிள்ளைதான் வியாசர்.

கரையை மறைச்ச பனி ஒண்ணு. இன்னொண்ணு ஆட்டம். 1974-இல் டட்டன், ஆரன் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள், கனடாவில் 230 அடி உயரத்தில் ஆடுகிற கப்பிலானோ தொங்குபாலத்தில் ஒரு பெண்ணை நிறுத்தினார்கள். கடந்து வந்த வாலிபர்களிடம் சில கேள்வி கேட்டுத் தன் போன் நம்பரைக் கொடுத்தாள். வாங்கிய 18 பேரில் 9 பேர் கூப்பிட்டார்கள். ஆடாத பாலத்தில் 16 பேருக்கு 2 பேர்தான்! பயத்துல அடிச்ச நெஞ்சை, அவளுக்காக அடிச்சதுன்னு நினைச்சுக்கிட்டாங்களாம். (கைதட்டல்)

'அப்ப உங்க ஊர் பஸ் ஆடலையா?' என்பீர்கள். நல்லாவே ஆடும்! ஆனா ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டு அப்பத்தா, 'நீ யாரு வீட்டுப் புள்ள?' என்பாங்க. கரையே பஸ்ஸுக்குள்ள ஏறி உட்கார்ந்திருக்கய்யா!

அதே சத்தியவதியைப் பின்னாளில் சந்தனு ராஜா கரையில் பார்த்தார். அவள் அப்பாவிடம் போய்ப் பெண் கேட்டார். 'எம் மக வயித்துப் பிள்ளைக்குத்தான் ராஜ்ஜியம்' என்றார் அப்பா. அந்தப் பேரத்துக்காக பீஷ்மர் அரியணையையும் விட்டார், கல்யாணத்தையும் விட்டார். ஓடத்துல நிபந்தனை போட்டவ அவ. கரையில போட்டது அவ அப்பா.

நடுவர் மணியில கை வச்சுட்டாங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு உட்கார்ந்துடறேன். காதலிச்சேன்னு வந்து நிக்கிற மகளை, 'உனக்கு என்னம்மா வேணும்?'னு எத்தனை வீட்டுல கேட்டிருக்கோம்?