உறைப்பான கறிமிளகாய்ச் சிற்றுண்டி: வெடிக்காமல், உரியாமல் பொரிப்பது எப்படி?

தேநீர்க் கடைக் கண்ணாடிப் பெட்டியில் றோல்ஸ், கட்லட், வாய்ப்பன் ஆகியவற்றுக்கு நடுவே, பச்சைக் காம்பை நீட்டிக்கொண்டு பொன்னிறமாகக் கிடக்கும் பண்டம் ஒன்றைச் சில இடங்களில் காணலாம். மீனும் கிழங்கும் அடைத்து, ரஸ்க் தூளில் பிரட்டிப் பொரித்த கறிமிளகாய்தான் அது. சிங்களத்தில் மாலு மிரிஸ் என்பார்கள். நாம் வீட்டில் பால்கறியாகவும் வதக்கலாகவும் சமைக்கும் அதே காய்.

கட்லட் செய்யத் தெரிந்தவர்களுக்கு இதுவும் எளிதுதான். ஆனாலும் பலர் ஒருமுறை செய்துவிட்டுக் கைவிட்டு விடுகிறார்கள். காரணம், எண்ணெயில் போட்டதும் மேல்மா உரிந்துவிடும் அல்லது காய் வெடித்துக் கலவை வெளியே வந்துவிடும். பலகாரம் செய்து கடைகளுக்குக் கொடுத்தே வீட்டைக் கொண்டு நடத்தும் பெண்கள் வடக்கிலும் கிழக்கிலும் பலர் உள்ளனர். போரில் கணவனை இழந்தவர்களும் அவர்களில் அடங்குவர். பத்துக் காயில் மூன்று வெடித்தால் அன்றைய இலாபம் அதோடு போய்விடும். ஆகவே ஏன் வெடிக்கிறது, ஏன் உரிகிறது என்பதை அறிந்துகொள்வது பயனுள்ளது.

வெடிப்பதற்குக் காரணம் நீர். நீர் ஆவியாகும்போது அதன் கனவளவு 1,600 மடங்குக்கு மேல் பெருகும். கலவையில் ஈரம் இருந்தால் அந்த ஆவி வெளியேற வழிதேடி மாவைக் கிழித்துக்கொண்டு வரும். எனவே கிழங்கைத் தோலோடு அவித்து, நீரை வடித்து, ஆவி அடங்கிய பின்னரே மசிக்க வேண்டும். ரின்மீன் என்றால் அதன் நீரை நன்றாகப் பிழிந்துவிட வேண்டும்.

பத்துக் கறிமிளகாய்க்கு 250 கிராம் உருளைக்கிழங்கும் அரை ரின் மீனும் போதும். சூரை அல்லது பாரை மீனை உப்பிட்டு அவித்து முள் நீக்கியும் சேர்க்கலாம். சுவை இன்னும் நன்றாக இருக்கும். எட்டுச் சின்ன வெங்காயம், மூன்று பச்சை மிளகாய், கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி பெருஞ்சீரகம் ஆகியவற்றைச் சிறிது எண்ணெயில் வதக்கி, மீனையும் போட்டு ஈரம் வற்றும்வரை பிரட்டுங்கள். பின்னர் ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி வறுத்த மிளகாய்த்தூள், உப்பு, மசித்த கிழங்கு. ஆறிய பிறகு பாதித் தேசிக்காயின் புளியை விடுங்கள். கறிமிளகாயில் உறைப்புக் குறைவு என்பதால் கலவைதான் உறைக்க வேண்டும். சற்று அதிகமாகவே உறைக்கட்டும். மாவும் கிழங்கும் அதைத் தணித்துவிடும்.

காய்கள் நேராகவும் தடித்த சதையுடனும் இருக்கட்டும். வளைந்தவற்றைக் கறிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரு முனையையும் வெட்டாமல் ஒரு பக்கம் மட்டும் கீறி, தேக்கரண்டிக் காம்பால் விதையையும் உள்ளிருக்கும் வெள்ளைத் தசையையும் வழித்தெடுக்க வேண்டும். மிளகாயின் உறைப்பு விதையில் இருப்பதாகவே பலரும் நினைக்கிறார்கள். உறைப்பைத் தரும் கப்சைசின் உண்மையில் அந்த வெள்ளைத் தசையில்தான் உருவாகிறது. விதை அதோடு ஒட்டியிருப்பதால் உறைக்கிறது. கப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். பச்சை மிளகாய் அரிந்து கை எரிந்தால் முதலில் தேங்காய் எண்ணெய் பூசித் தேய்த்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

வழித்தெடுத்த காயின் உள்ளே சிறிது உப்புத் தடவி, பத்து நிமிடம் கவிழ்த்து வைத்துத் துடைத்தால் நீர் இறங்கிவிடும். கீறல் மூடக்கூடிய அளவுக்கு மட்டும் அடையுங்கள்.

மேல்மா உரிவதற்கு வேறு காரணம். மிளகாய்த் தோல் மெழுகு பூசியதுபோல் வழுவழுப்பானது. கரைத்த மா அதில் பிடிக்காது. ஆகவே முதலில் உலர்ந்த கோதுமை மாவில் காயைப் புரட்டித் தட்டிவிட வேண்டும். அதன் பிறகே தோசைமாப் பதத்தில் உப்பிட்டுக் கரைத்த கோதுமை மாவில் தோய்த்து, ரஸ்க் தூளில் பிரட்ட வேண்டும். மிஞ்சிய பாணை வெயிலில் காயவைத்து இடித்தாலும் நல்ல தூள் கிடைக்கும். இருபது நிமிடம் அப்படியே வைத்தால் மா இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

தாச்சியில் எண்ணெய் சூடானதும் ஒரு துளி மாவை விட்டுப் பாருங்கள். உடனே குமிழியோடு மேலெழும்பினால் சரி. ஒரே தடவையில் மூன்று நான்குக்கு மேல் போட்டால் சூடு இறங்கி, பண்டம் எண்ணெயைக் குடித்துவிடும். உள்ளே இருப்பது வெந்ததுதான் என்பதால் மிதமான நெருப்பில் மூன்று நான்கு நிமிடம் போதும். பொரித்ததைப் பழைய பத்திரிகைத் தாளில் போடாதீர்கள். அச்சுமை உணவில் ஒட்டும்.

மீன் விலை ஏறிய நாட்களில் நெத்தலிக் கருவாட்டைப் பொரித்து இடித்துச் சேர்க்கலாம். உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். விரத நாட்களுக்கு அவித்த கடலை அல்லது சோயா. கிழங்குக்குப் பதிலாக மரவள்ளியும் நன்றாகவே பொருந்தும்.

இந்தக் காயில் இன்னொரு விடயமும் உண்டு. 1970களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது குடாநாட்டுச் செம்மண்ணில் மிளகாயும் வெங்காயமும் பல குடும்பங்களை நிமிர்த்தின. 1977க்குப் பின் இறக்குமதி மிளகாய் வந்து விலையை வீழ்த்தியது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது அந்தத் தோட்டங்களில் கணிசமானவை கைவிட்டுப் போயின. செத்தல் மிளகாய் என்றால் காயவைத்து, விலை வரும்வரை காத்திருக்கலாம். கறிமிளகாயின் தடித்த சதையோ காய்வதற்குள் அழுகிவிடும். சந்தையில் அது மலிந்து கிடக்கும் நாளில் வாங்கிப் பலகாரமாக்கினால் விற்பவருக்கும் செய்பவருக்கும் நன்மை.

கடைக்குக் கொடுப்பவர்கள் கலவையை இரவில் செய்வதானால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அந்த வசதி இல்லையென்றால் விடியற்காலையிலேயே செய்வது நல்லது. மீன் கலவையை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் விடக்கூடாது. பொரித்தவற்றைச் சூட்டோடு பெட்டியில் போட்டு மூடினால் உள்ளே வியர்த்து மொறுமொறுப்புப் போய்விடும். ஆறும்வரை மூடியைச் சற்றுத் திறந்தே வையுங்கள்.