கணிப்பொறியும் குரோஸ் கணக்கும்



"கம்ப்யூட்டர் படிக்கிறியே, அதுல என்னதான் பண்ணுவீங்க?" என்று எங்கள் தெருவில் கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் முழித்த காலம் உண்டு. புரோகிராம் எழுதுவோம் என்றால், "டைப் அடிக்கிறதா?" என்பார்கள். மூன்று வருடம் படித்த பிறகு இப்போது தோன்றுகிறது, நம்ம ஊர் வேலைகளை வைத்தே இதைச் சொல்லிவிடலாம் என்று. என் சிற்றறிவுக்கு எட்டிய வரை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக் கொள்ளவும்.

தீப்பெட்டியும் வலைப்பக்கமும்

வலைப்பக்கம் ஒன்றுக்கு மூன்று பாகங்கள். எச்.டி.எம்.எல் என்பது பெட்டி. எது மேலே, எது கீழே, எது தலைப்பு, எது படம் என்பதை அதுதான் தாங்கி நிற்கிறது. சி.எஸ்.எஸ் என்பது பெட்டி மேல் ஒட்டும் லேபிள். நிறம், எழுத்தின் அளவு, அழகு எல்லாம் அதன் பொறுப்பு. ஜாவாஸ்கிரிப்ட் என்பது குச்சியும் மருந்தும். நாம் உரசினால்தான் பற்றும். பட்டனைத் தொட்டால்தான் கணக்குப் போடும்.

இந்த வலையை 1989-ல் முன்மொழிந்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ. அப்போது அவர் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தார். 1993 ஏப்ரல் 30 அன்று, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. அதனால்தான் நம்மைப் போன்றவர்கள் கைக்கும் அது வந்து சேர்ந்தது.

நாலு கலர், ஒரே படம்

சிவகாசியில் காலண்டர் அச்சாவதைப் பார்த்திருப்பீர்கள். நீலப் பச்சை, மெஜெண்டா, மஞ்சள், கறுப்பு என்று நாலு கலருக்கு நாலு பிளேட். ஒவ்வொரு பிளேட்டும் தனித்தனியாகச் சரியாகவே இருக்கும். ஆனால் ஒன்று மயிரிழை விலகினாலும் முருகனுக்கு உதடு ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம்! அதற்காகத்தான் தாளின் ஓரத்தில் சின்னக் கூட்டல் குறி போட்டு, நாலும் ஒன்றின் மேல் ஒன்று உட்காருகிறதா என்று பார்க்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து எழுதும் புரோகிராமும் இதேதான். தனித்தனியாகச் சரி என்பது போதாது, சேர்த்து வைத்தாலும் சரியாக இருக்க வேண்டும்.

தனித்தனி அறை

பட்டாசு ஆலையில் எல்லா வேலையும் ஒரே கூரையின் கீழ் நடக்கக் கூடாது. மருந்து கலக்க ஓர் அறை, நிரப்ப ஓர் அறை, இடையில் இடைவெளி. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஓரிடத்தில் தீப்பிடித்தால் அது அந்த இடத்தோடு நிற்க வேண்டும் என்பதுதான் காரணம். விதியை மீறி ஆட்களையும் மருந்தையும் நெருக்கி வைத்தால் என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் பார்த்தோம். முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

புரோகிராமையும் இப்படித்தான் சின்னச் சின்ன ஃபங்ஷன்களாகப் பிரிக்கிறோம். ஒன்றில் பிழை வந்தால் அதை மட்டும் திறந்து சரிபார்க்கலாம். ஆனால் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு என்ன போகிறது, எந்த அளவில் போகிறது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

எங்கள் பிராஜெக்ட்

காகிதக் குழாய் சுருட்டுகிறவர்களுக்குக் கூலிக் கணக்குப் போடும் வலைப்பக்கம் ஒன்று மூன்று பேர் சேர்ந்து செய்தோம். எங்க அம்மா அந்த வேலைதான் செய்கிறார்கள். எண்ணிக்கையை வாங்கும் பகுதி என்னுடையது. கணக்குப் போடும் பகுதி நண்பனுடையது. இன்னொருவன் தோற்றத்தைப் பார்த்துக்கொண்டான். உதாரணத்துக்கு ஒரு குரோஸுக்கு 12 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம்.

நண்பன் 12 கொடுத்துப் பார்த்தான், 12 ரூபாய் வந்தது. சரி. நான் 10 கொடுத்துப் பார்த்தேன், 10 அப்படியே அடுத்த பகுதிக்குப் போனது. சரி. மூன்றையும் இணைத்து, பெருமையாக அம்மாவிடம் செல்போனை நீட்டினேன். பத்து குரோஸ் என்று போட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "ஏண்டா, பத்து குரோஸுக்குப் பத்து ரூபாதானா? ராத்திரி முழுக்க உக்காந்து சுருட்டுனவளுக்கு இதக் காட்டுனா அவ என்ன ஆவா?" என்றார்கள்.

120 ரூபாய் வந்திருக்க வேண்டும்! நண்பன் வீட்டில் தீப்பெட்டியை டஜனாக எண்ணிப் பழக்கம். அதனால் வருவது டஜன் என்று நினைத்து எழுதியிருக்கிறான். நான் குரோஸ் என்று நினைத்து அனுப்பியிருக்கிறேன். ஒரு குரோஸ் என்பது 12 டஜன், 144 உருப்படி. கூலி பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. கணிப்பொறி ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அதற்குப் பத்து என்றால் பத்துதான். பத்து என்னது என்று அதற்குத் தெரியாது.

"நீதான் தப்பு" என்று இரண்டு நாள் நண்பனோடு பேசவில்லை. பிறகு என் நோட்டைப் புரட்டினேன். அதில் "எண்ணிக்கை" என்று மட்டும்தான் இருந்தது. எதன் எண்ணிக்கை என்று நானும் எழுதவில்லை. நானே போய்ப் பேசினேன். இப்போது அந்தப் பெயரை "குரோஸ் எண்ணிக்கை" என்று மாற்றிவிட்டோம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகுதான் சேர்க்கிறோம்.

செவ்வாயில் போன கலம்

இதற்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, நாசாவிலும் இதே தவறு நடந்தது என்று படித்தேன். மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலம் 1999 செப்டம்பர் 23-ல் செவ்வாயை அடைந்ததும் தொலைந்துபோனது. ஒரு குழுவின் புரோகிராம் உந்துவிசையைப் பவுண்டு கணக்கில் கொடுத்தது. இன்னொரு குழு அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை என்பது சுமார் 4.45 நியூட்டன். செவ்வாய்க்கு மேலே சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் போக வேண்டிய கலம் 57 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. இரண்டு குழுவிலும் மேதைகள்தான். பேசிக்கொள்ள வேண்டியதைப் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவே.

கூடிச் செய்து ஜெயித்த கதையும் நம்மிடம் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் சம்பளம் இல்லாமல் பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்தார்கள். ஒருவர் அடித்ததை இன்னொருவர் பிழை திருத்தினார். இன்று யாரும் அவற்றை இலவசமாக வலையில் படிக்கலாம்.

எனவே நண்பர்களே! புரோகிராம் மொழிகள் வரும், போகும். ஆனால், "நீ சொல்றது டஜனா, குரோஸா?" என்று வெட்கப்படாமல் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும் பழக்கம் இருந்தால் எந்த வேலையிலும் பிழைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் போகாத எங்க அம்மாதான் எங்கள் புரோகிராமின் முதல் பிழையைக் கண்டுபிடித்தவர். இந்தக் கட்டுரை அவருக்கே.



— மூன்றாம் ஆண்டு மாணவன்,
கணிப்பொறியியல் துறை