உங்களுக்குத் தெரியுமா? பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால் பிரேக் பலம் குறையும்!

வீட்டு ஷெட்டிலேயே கார் கட்டுபவர்களில் பலர், பெரிய மாஸ்டர் சிலிண்டர் என்றால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. காலால் அதே பலத்தில் மிதித்தாலும், 19.05 மி.மீ. உள்துளை கொண்ட மாஸ்டர் சிலிண்டரைவிட 15.9 மி.மீ. உள்துளை கொண்டதில் ஆயில் அழுத்தம் சுமார் 44 சதவீதம் அதிகம். ஆனால் பெடலும் அந்த அளவுக்குக் கூடுதலாக இறங்கும். கிளச்சுக்கும் இதே கணக்குதான்: துளை பெரிதானால் பெடல் கனக்கும், மிகச் சிறிதானால் கிளச் முழுதாக விடுபடாது, கியர் போடும்போது கரகரக்கும்.

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு மாணவர்கள் தாங்களே கட்டிவரும் கார்களில் பிரேக்குக்கு இரண்டு தனித்தனி ஹைட்ராலிக் சர்க்யூட் கட்டாயம். ஒன்றில் ஆயில் கசிந்தாலும் மற்றது இரண்டு சக்கரங்களையாவது பிடித்தாக வேண்டும். சாலையில் ஓடப்போகும் காருக்கும் இதைவிடக் குறைந்த ஏற்பாடு போதாது.

இன்னொன்று: பிரேக் பெடலின் புஷ் ராடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி வேண்டும். இல்லையென்றால் ஆயில் டேங்குக்குத் திரும்பும் சிறுதுளை அடைபட்டே கிடக்கும். ஓட ஓட பிரேக் தானாகவே பிடித்துச் சூடேறும். எங்கே கட்டினாலும், வண்டியை முதல்முறை வெளியே எடுக்கும் முன் அந்த இடைவெளியைச் சரிபார்த்துவிடுங்கள்.