பாரமாகிய எருது

புறக்கோட்டைத் தெருக்களிலே எருதுகள் பாரமிழுத்த காலம் ஒன்றிருந்தது. இன்று எருதே பாரமாகி லொறியில் வருகின்றது. அண்மையில் ஒருநாள் நண்பகல், வாகன நெரிசலிலே அசையாது நின்ற அத்தகைய லொறியொன்றைக் கண்டேன். மூக்கணாங்கயிறு இறுகக் கட்டுண்ட மாடுகளின் காலடியில் ஒன்று வீழ்ந்து கிடந்தது.

கொல்லத்தானே கொண்டுபோகின்றார்கள் என்பாரும் உளர். அதற்குமுன் வதைக்கவும் வேண்டுமோ? அஞ்சிக் களைத்த மாட்டின் இறைச்சி கறுத்து விரைவிற் கெடும் என்பதையாவது வணிகர் அறிதல் தகும்.

செய்யவேண்டுவது பெரிதன்று. கால் வழுக்காமல் தளத்தில் மணலோ வைக்கோலோ பரப்பலாம். ஏற்றவும் இறக்கவும் சாய்வுப் பலகை வைக்கலாம். இடம் குறைந்தால் வீழ்ந்த மாடு எழமாட்டாது. மிகுந்தாலோ வளைவுகளில் நிலைதடுமாறும். ஆதலின் இடையிடையே தடுப்பு வேண்டும். ஓடும் லொறியிற் காற்றுண்டு. நிற்கும் லொறியில் மாடுகளின் உடல்வெப்பமே அவற்றை வாட்டும். விடியுமுன் நகருள் வருவதே நன்று.

விலங்குவதையைத் தடுக்கும் கட்டளைச்சட்டம் இங்கு 1907 ஆம் ஆண்டிலே பிறந்தது. மாட்டுவண்டிக் காலத்துச் சட்டம் அது. அது விதித்த உச்சத் தண்டம் நூறு ரூபா. அந்நாளில் அது சிறுதொகையன்று.

மனுநீதிச் சோழன் கதையைக் கற்பிக்கும்போது நாம் திருவாரூரையே நினைக்கின்றோம். மகாவம்சமோ அத்தகைய கதையை அநுராதபுரத்து எல்லாளன்மேல் வைத்துச் சொல்கின்றது. கன்றையிழந்த அப்பசுவுக்கு அசைக்க ஒரு மணியிருந்தது.

நான் கண்ட லொறி நெடுநேரங் கழித்தே நகர்ந்தது. வீழ்ந்த மாடு அப்போதும் எழவில்லை.